உணவின் ஆயுளும் உறையின் ஆயுளும்



உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டைப் பிரித்தவுடன், "பாதிக்கு மேல் காற்றுதான், ஏமாற்றுகிறார்கள்!" என்று நீங்கள் சலித்துக்கொண்டதுண்டா? என் கல்லூரி மாணவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எடை உறையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதைப் படிக்காமல், உப்பியிருப்பதைப் பார்த்து வாங்கியது நம் தவறு. மேலும், உள்ளே இருப்பது சாதாரணக் காற்றும் அன்று. பெரும்பாலும் நைட்ரஜன் வாயு. வறுவலில் உள்ள எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் காறல் வாடை வரும். அதைத் தடுக்கவே ஆக்சிஜனை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்புகிறார்கள். வழியில் வறுவல் நொறுங்காமலும் அது காக்கிறது.

உறை என்பது அழகுக்காகப் போர்த்தும் சட்டை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், உணவைப் பாதுகாக்கும் வேலையில் பாதி உறையினுடையது. பிரான்சு நாட்டில் மிட்டாய் செய்யும் தொழிலில் இருந்த நிக்கோலா அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் வேகவைத்தார். மாதக்கணக்கில் அது கெடவில்லை. 1810-இல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. உணவு ஏன் கெடவில்லை என்பது அப்பேருக்கே தெரியாது. 1860-களில் லூயி பாஸ்டரின் ஆய்வுகளே அதை விளக்கின. கொதிநீர் உள்ளிருந்த கிருமிகளைக் கொன்றது; தக்கை புதிய கிருமிகள் நுழையாமல் தடுத்தது. தக்கை இல்லாவிட்டால் வேகவைத்த பயன் இரண்டொரு நாளில் போயிருக்கும்.

எல்லா உணவுக்கும் ஒரே உறை பொருந்துமா? பொருந்தாது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மழைக்காலத்தில், ஒரே ஈடாகச் சுட்ட இரண்டு முறுக்குகளைப் பள்ளி ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை இறுக மூடிய டப்பாவிலும், மற்றொன்றைத் திறந்த தட்டிலும் வையுங்கள். இரண்டு நாள் கழித்து மீண்டும் நிறுத்தால், தட்டில் இருந்தது நமுத்துப்போய், எடையும் சற்றுக் கூடியிருக்கும். அது காற்றிலிருந்து உறிஞ்சிய நீரின் எடை. ஆகவே முறுக்குக்கு நீராவி புகாத உறை வேண்டும்.

தக்காளியோ பறித்த பின்னும் சுவாசிக்கிறது. அதைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டிவைத்தால், அது வெளியிடும் நீராவி துளிகளாகப் படிந்து பூசணம் பிடிக்கும். துளையிட்ட பையோ கூடையோதான் அதற்கு ஏற்றது.

நீராவி, ஆக்சிஜன், ஒளி ஆகிய மூன்றையும் ஒருசேரத் தடுக்க, வறுவல் உறையின் பிளாஸ்டிக் படலத்தில் அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். அந்தப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது வியப்பூட்டும் சாதனைதான். ஆனால் அதில்தான் சிக்கலும் இருக்கிறது. இவ்வாறு ஒட்டிய அடுக்குகளைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவது மிகக் கடினம். வறுவல் சில மாதங்களில் தீர்ந்துவிடும். உறையோ நமக்குப் பின்னும் மண்ணில் கிடக்கும்.

அப்படியானால் பிளாஸ்டிக் உறைகளை அடியோடு ஒழித்துவிடலாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு லிட்டர் பால் கெட்டுப்போனால், மாட்டுக்கு இட்ட தீவனமும், செலவிட்ட நீரும், கறந்தவரின் உழைப்பும் சேர்ந்தே வீணாகின்றன. பாலைக் காக்கும் உறையைக் குறை சொல்வதற்கு முன் இதையும் கணக்கிட வேண்டும்.

உணவு எத்தனை நாள் இருக்கவேண்டுமோ, அதற்கேற்ற உறையே போதும் என்பதுதான் என் கருத்து. காலையில் கட்டி மதியம் உண்ணும் தயிர்சாதத்துக்கு வாழையிலையோ எவர்சில்வர் டப்பாவோ போதாதா? அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் சூடான சாம்பாரை மெல்லிய பாலிதீன் பையில் வாங்குவானேன்? வீட்டிலிருந்து தூக்குவாளி எடுத்துச் சென்றால் ஆகாதா? உணவைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் முதலிய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை விதித்தது. சட்டம் வந்து ஆண்டுகள் பல ஆகியும், நம் தெருவோரச் சாக்கடைகளைப் பார்த்தால் பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை.

அடுத்த முறை கடையில் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது, எடையையும் தேதியையும் படியுங்கள். இந்த உறை எதைத் தடுக்கிறது, எத்தனை நாளுக்கு என்று கேட்டுப் பாருங்கள். பிரித்தெடுக்க எளிதான, ஒரே பொருளாலான, ஆனால் முறுக்கை மொறுமொறுப்பாகவே வைத்திருக்கும் உறை நமக்குத் தேவை. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதற்காக உழைக்கின்றன. மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும் உணவு உறைகளைப் பற்றி ஆய்வு செய்கிறார்கள். இயற்பியலும் வேதியியலும் கற்கும் உங்களில் சிலர் நாளை அந்த வேலைக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை.