பச்சையாகத் தெரிவதெல்லாம் காடா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்காரர் ஒருவரின் பேரன், பொறியியல் படிக்கிற பையன், கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "தாத்தா, நம்ம ஆனையூர்ப் பக்கம் எவ்வளவு பச்சையா இருக்கு பாருங்க. சாட்டிலைட் படம்!" என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பச்சைதான். ஆனால் அது என்ன பச்சை என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் அதன் ஓரமாகத்தான் நடக்கிறேன். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் அது.

"அது காடு இல்லப்பா, கண்மாய்" என்றேன். "படம் பொய் சொல்லுமா தாத்தா?" என்று கேட்டான்.

படம் பொய் சொல்லாது. அந்தப் படத்தை வைத்து நாம் எழுதுகிற கணக்கில்தான் வில்லங்கம் இருக்கிறது.

டேராடூனில் இருக்கும் இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாட்டின் காட்டுக் கணக்கை வெளியிடுகிறது. அதில் 'வனப்பரப்பு' என்றால் என்ன தெரியுமா? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மர நிழல் விழுந்தால் போதும். நிலம் யாருடையது, மரம் என்ன சாதி என்ற கேள்வியே கிடையாது. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, மூங்கில், தைலமரம் எல்லாம் அதில் அடக்கம். நம் கருவேலங்காட்டுக்கும் அந்த வரையறைப்படி தடையில்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை வெட்டி அகற்றச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு கை வெட்டச் சொல்கிறது, இன்னொரு கை அதையே வனம் என்று எண்ணுகிறது.

இந்தக் கணக்கு எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டருக்கு 23.5 மீட்டர். நம் பாஷையில் சுமார் பதின்மூன்றரை சென்ட். அதற்குள் ஆலமரம் நின்றாலும் தைலமரம் நின்றாலும் அது ஒரே நிறத்தில் ஒரு புள்ளிதான். நத்தம் பக்கத்து மாந்தோப்பையும் அழகர்மலைச் சரிவையும் மேலிருந்து பார்த்தால், தோப்புதான் அடர்த்தியாகத் தெரியும். கோடையில் மலைமரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், மாமரம் பச்சையாகவே இருக்கும். இலை இருக்கும்போது எடுக்கலாம் என்று அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான படங்களைத்தான் பெரும்பாலும் தேடுகிறார்கள். நமக்கோ அது அடைமழைக் காலம், வானம் முழுக்க மேகம்.

2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர், அதாவது மாநிலப் பரப்பில் 20.31 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. பிரித்துப் பாருங்கள். மிக அடர்ந்த காடு 3,593 சதுர கிலோமீட்டர்தான். 11,792 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய 45 விழுக்காடு, 'திறந்த காடு'. நிழல் பத்து முதல் நாற்பது விழுக்காடு விழும் இடம் அது. மேடையில் பேசுகிறவர்கள் இந்த மூன்று வகையையும் ஒரே சாக்கில் கட்டித்தான் பேசுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1999 அறிக்கையில் இந்தியாவின் வனப்பரப்பு 6,37,293 சதுர கிலோமீட்டர். 2001 அறிக்கையில் 6,75,538. இரண்டே ஆண்டில் 38,245 சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது! தமிழ்நாட்டின் மொத்த வனப்பரப்பை விடப் பெரிது. யார் நட்டார்கள்? யாரும் நடவில்லை. கணினி வழியாக நுணுக்கமாகப் படம் பார்க்க ஆரம்பித்தார்கள். முன்பு கண்ணில் படாத சிறு சிறு திட்டுகளும் கணக்கில் ஏறின. நிறுவனமே அதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

நான் செயற்கைக்கோளுக்கு விரோதி இல்லை. நில அளவையில் சங்கிலி பிடித்து வேலை பார்த்தவன். காகிதம் எவ்வளவு பொய் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். 1980களின் தொடக்கம் வரை அரசு ஏடுகளில் நாட்டின் நிலப்பரப்பில் 23 விழுக்காடு காடு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐதராபாத் தொலையுணர்வு மையம் 1972-75 படங்களையும் 1980-82 படங்களையும் ஒப்பிட்டு, அது 16.89 விழுக்காட்டிலிருந்து 14.10 ஆகக் குறைந்துவிட்டது என்று காட்டியது. அந்தப் புண்ணியம் செயற்கைக்கோளுக்குத்தான் சேரும். அன்று ஏட்டுப் பொய்யை உடைத்த கருவியையே இன்று புதிய ஏட்டுப் பொய்க்குப் பயன்படுத்துகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

"இப்போது புதுக் கருவிகள் வந்துவிட்டனவே" என்பீர்கள். வந்திருக்கின்றன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார், மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ரேடார். மரத்தின் கன அளவைக்கூட ஓரளவு சொல்லும். ஆனால் அதற்கும் அளவுகோல் தரையில்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் காட்டுக்குள் நடந்து போய், 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி நாடா பிடித்து எழுதினால்தான், மேலே இருப்பது சொல்வது சரியா என்று தெரியும். அந்த ஆளை வேண்டாம் என்றால் ரேடாரும் குருடுதான்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். மொட்டைப் பாறைக் குன்றுகள். மரக் கணக்கு போட்டால் பெரிதாக மதிப்பெண் வாங்காது. ஆனால் லகர் வல்லூறு அங்கே இருக்கிறது, சுமார் 250 வகைப் பறவைகள், சுனைகள், சமணர் குகை எல்லாம் இருக்கின்றன. 2022 நவம்பரில் 193.42 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம்! 2025 ஜனவரியில் ஊர் மக்கள் மதுரைக்கு நடந்து வந்து போராடிய பிறகுதான் ரத்தானது. அந்த மலையைக் காப்பாற்றியது படம் இல்லை, அதைக் காலால் அறிந்த ஜனங்கள்.

பச்சை எல்லாம் ஒன்று என்றால், ஓரிடத்தில் சோலையை வெட்டி வேறிடத்தில் கன்று நட்டு 'சரியாப் போச்சு' என்று எழுதிவிடலாம். கிரேட் நிக்கோபார் மழைக்காட்டுக்கு ஈடாக அரியானாவில் மரம் நடப் போகிறார்களே, அந்தக் கணக்குதான் இது.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 33 விழுக்காட்டை எட்டப் பார்க்கிறது. நல்லது. நான் கேட்பது இவ்வளவுதான். இயற்கைக் காடு, நட்ட தோப்பு, கருவேலம் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். முறை மாறிய ஆண்டுகளின் எண்களை ஒப்பிட்டு 'வளர்ந்தது' என்று சொல்லாதீர்கள். காட்டுக்குள் நடக்கும் ஆட்களைக் குறைக்காதீர்கள்.

மறுநாள் காலை அந்தப் பையனையும் நடைக்குக் கூட்டிப் போனேன். கண்மாய்க்குள் பத்தடி போவதற்குள் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கியவன், "இது படத்தில தெரியலையே தாத்தா" என்றான்.

அதைத்தான் நானும் சொல்கிறேன்.