பந்து மட்டும் போதுமா?

விலை உயர்ந்த ரியாக்டிவ் பந்து இருந்தால் டென்பின் பவுலிங்கில் ஜெயித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு.

உருட்டும் தளத்தின் நீளம் 60 அடி. அதன் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ரியாக்டிவ் பந்தின் மேல்பரப்பில் நுண்துளைகள் உண்டு. எண்ணெய் அதிகமானால் அதுவும் வழுக்கிக்கொண்டே போகும். காய்ந்த இடம் வந்தால் சட்டென்று வளையும். ஆட ஆட எண்ணெய் குறைவதால், முதல் ஆட்டத்தில் பத்துக் கட்டைகளையும் சாய்த்த அதே வீச்சு மூன்றாவது ஆட்டத்தில் சீக்கிரமே வளைந்து குறி தவறும். அப்போது புதுப்பந்து வாங்க ஓடுவதைவிட, நிற்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

வற்றிய ஏரியில் ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடும் பனமலைப் பையன், ஈரத்தரை எது, காய்ந்த தரை எது என்று பார்த்துத்தான் பந்து போடுவான். பந்தைக் காசு கொடுத்து வாங்கலாம். தரையைப் படிக்கும் அந்தக் கண்ணை எந்தக் கடையில் வாங்குவது?