ஓ.ஆர்.எஸ். என்று போட்டதெல்லாம் ஓ.ஆர்.எஸ். அல்ல!

2025 மே மாதம் ஒருநாள் ராத்திரி, என் ஏழு வயது மகன் வயிற்றைப் பிடித்துக் கொண்டு அழுதான். நாலைந்து தடவை வாந்தி. "கண்ணு பட்டுடுச்சு" என்று மாமியார் உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டார். என் கணவர் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, ஓ.ஆர்.எஸ். என்று கொட்டை எழுத்தில் போட்ட ஆரஞ்சு பானம் வாங்கி வந்தார். இனிப்பாக இருக்கவே, மகன் மடமடவென்று குடித்தான். விடிவதற்குள் வயிற்றுப்போக்கும் சேர்ந்து துவண்டு விட்டான். காலையில் டாக்டர் பாக்கெட்டைப் பார்த்து, "இது வெறும் ஜூஸும்மா" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓரத்தில் பொடி எழுத்தில், இங்கிலீஷில் அப்படித்தான் போட்டிருந்தது. பிளஸ் டூ படித்த நானே கவனிக்கவில்லை!

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 13.5 கிராம் குளுகோஸ், 2.6 கிராம் உப்பு, கூடவே பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட் இருக்க வேண்டும். உப்பும் குளுகோஸும் அளவாகச் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். சர்க்கரை அதிகமானால், உடம்புத் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கி விடும்.

ஐதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காக எட்டு வருஷம் போராடினார். 2025 அக்டோபர் 14-ல், இந்த அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் தடை பெயருக்குத்தானே தவிர, பானத்துக்கு இல்லை. அதே சர்க்கரைத் தண்ணீர் வேறு பெயரில் மருந்துக்கடை அலமாரியில் உட்கார்ந்திருந்தால், அவசரத்தில் நாம் ஏமாறத்தானே செய்வோம்?

எனவே சகோதரிகளே, உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்ட பொடியையே கேட்டு வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பாக்கெட்டில் சொன்ன அளவு ஆறிய வெந்நீரில் கலந்து, ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடுங்கள். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

எல்லா வயிற்று வலியும் அஜீரணம் அல்ல. தொப்புளில் ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். பச்சை நிற வாந்தி, ரத்தம், சிறுநீர் போகாமை, கண் உள்வாங்கல், மயக்கம் இருந்தால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுற்றிப் போடுவதைத் திரும்பி வந்து செய்யலாம்!

- ஒரு வாசகி, கரூர்.