திரைக்கும் தாளுக்கும் பொருந்திய ஏடு

நம் தொழில்நுட்ப ஏடுகள் இன்று கணினித் திரையைக் கருதியே அமைக்கப்படுகின்றன. ஆயினும் கள ஊழியரும் ஆசிரியரும் பலவிடங்களில் வழங்குவது கறுப்பு மையில் எடுத்த படியையே. இதனை மறப்பது சிறு பிழையன்று.

பூச்சிமருந்துப் புட்டியின் மீதுள்ள வண்ண அடையாளத்தை எடுத்துக்கொள்வோம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் கொடிய நஞ்சையும், நீலம் நடுத்தர நஞ்சையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கும். மருந்துகளை இந்நிறங்களால் மட்டும் வகைப்படுத்திய அட்டவணை திரையில் தெளிவாக விளங்கும். தாளிலோ எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்களாகிவிடும். அதை நம்பி மருந்து தெளிப்பவனின் கதி என்ன? 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் நிறத்தோடு எச்சரிக்கைச் சொல்லையும் புட்டியின்மேல் பொறிக்கச் செய்தன. அம்முறையையே நாமும் மேற்கொள்ள வேண்டும்.

"இங்கே அழுத்துக" என்னும் தொடரும் அத்தகையதே. தாளை அழுத்திப் பயனில்லை. முகவரியை முழுமையாக எழுதுதலே முறை.

மூலத்தில் "சிவப்பில் காட்டியவை" என்று மட்டும் காணின், மொழிபெயர்ப்பாளன் அதனை அப்படியே பெயர்த்தல் கடமையாகாது. அவை எவையெனக் கேட்டறிந்து எழுதுதலே கடமை. அன்பர்களும் எந்த ஏட்டையும் வழங்குமுன் ஒரு கறுப்புப் படி எடுத்துப் படித்துப் பார்ப்பார்களாக.