யாரிடம் பேசுவது?

"பேசித் தீர்த்துக் கொள்வோம்" என்று சொல்லாத ஆட்சியாளர் நம் நாட்டில் இல்லை. சமூக நீதியைப் பற்றிப் பேசுவோம், சமாதானத்தைப் பற்றிப் பேசுவோம், மனிதகுல நல்வாழ்வைப் பற்றிப் பேசுவோம் என்று மாநாடு கூட்டுகிறார்கள். மாலை சூட்டிக் கொள்கிறார்கள். தீர்மானம் போட்டுக் கலைகிறார்கள். பேச்சு கூடாது என்று சொல்பவர்கள் அல்ல நாம். முதலாளியின் எதிரே மேஜையில் அமர்ந்து வாதாடிப் பழகிய தொழிலாளிக்குப் பேச்சுவார்த்தையின் அருமை தெரியாதா என்ன? நாம் கேட்பது வேறு. யாரோடு யார் பேசுகிறார்கள்? பேசி முடித்த மறுநாள் காலையில் என்ன நடக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால்தான், பேசியது பேச்சா அல்லது வெறும் ஓசையா என்பது விளங்கும்.

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிச் சாகும் தொழிலாளியின் விஷயத்தை எடுத்துக் கொள்வோம். அவனுக்காகச் சட்டம் உண்டு, தீர்ப்பு உண்டு, கமிஷன் உண்டு, திட்டமும் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: அவன் உயிருக்குப் பாதுகாப்பு.

பேசப் போன மனிதர்கள்

தோழர்கள் இரண்டு மனிதர்களை அறிந்து கொள்ள வேண்டும். ஒருவர் எஸ்.ஆர்.சங்கரன். தஞ்சைத் தமிழர், ஆந்திரத்தில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணிபுரிந்தவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. மற்ற அதிகாரிகள் அதைக் கோப்பில் வைத்துக் கட்டினார்கள். இவரோ கிராமங்களுக்குப் போனார். கொத்தடிமையாகக் கிடந்தவனிடம், "நீ யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய், எத்தனை ஆண்டாக உழைக்கிறாய்" என்று கேட்கும் வேலையைச் சர்க்காரின் வேலையாக ஆக்கினார். பின்னர் திரிபுராவில் இடதுசாரி ஆட்சியில் தலைமைச் செயலாளராக இருந்தார்.

1987-ல் நக்சலைட்டுகள் அவரை வேறு சில அதிகாரிகளோடு சேர்த்துக் கடத்திச் சென்றார்கள். சாதாரண மனிதராக இருந்தால், மீண்டு வந்ததும் "சுட்டுத் தள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார். சங்கரன் சொன்னாரா? இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, 1997-ல் அமைந்த அக்கறையுள்ள குடிமக்கள் குழுவுக்குத் தலைமை தாங்கி, சர்க்காரையும் நக்சலைட்டுகளையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 2004 அக்டோபரில் ஐதராபாத்தில் அந்தப் பேச்சு நடக்கவும் நடந்தது. சில மாதங்களில் அது முறிந்தது என்பதும் உண்மைதான். நிலம் பற்றிய கேள்விக்கு விடை இல்லாமல் துப்பாக்கி பற்றிய கேள்விக்கு விடை கிடைக்காது என்பதை அந்த முறிவு காட்டியது. 2005-ல் பத்மபூஷண் விருது வந்தபோது வேண்டாம் என்றார். 2010-ல் மறைந்தார்.

மற்றவர் பெஜவாடா வில்சன். 1966-ல் கோலார் தங்கவயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். தங்கம் வெட்டிய ஊர் அது. இங்கிலாந்துக்குத் தங்கம் போயிற்று. அதை வெட்டிய தொழிலாளியின் குடியிருப்பில் எடுப்புக் கக்கூஸ் நின்றது. படித்த இளைஞரான வில்சன், தம் மக்கள் குடிப்பதைப் பார்த்து, ஏன் குடிக்கிறீர்கள் என்று அவர்களிடம் பேசப் போனார். குடிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதே அவர் பெற்ற பதில். வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். மலக்குழியில் விழுந்த வாளியைக் கைவிட்டு எடுக்கும் காட்சியைக் கண்டு அழுதார்.

அழுததோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி நாம் இங்கே எழுதியிருக்க மாட்டோம். அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார், படம் எடுத்தார், உலகத்துக்குக் காட்டினார். சங்கரனும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற இயக்கத்தை 1990-களில் தொடங்கினார்கள். 2003-ல் அந்த இயக்கம் உச்சநீதிமன்றம் சென்றது. "எங்கள் மாநிலத்தில் எடுப்புக் கக்கூஸே இல்லை" என்று சர்க்கார்கள் பிரமாணப் பத்திரம் போட்டன. இயக்கத்தார் ஊர் ஊராகச் சென்று படமும் கணக்கும் திரட்டிக் கொண்டுவந்து கொட்டினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே, மனிதர் அள்ளும் கக்கூஸ்கள் 7,94,390 இருப்பதாகச் சொன்ன பிறகு, இல்லை என்று எப்படிச் சாதிப்பது?

இந்த இருவரிடமும் நாம் கற்றுக் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் துன்பப்படுகிறவனைப் பற்றிப் பேசவில்லை, துன்பப்படுகிறவனோடு பேசினார்கள். அவன் சொன்னதைக் கணக்காக்கி, சாட்சியமாக்கி, ஆட்சியின் முன்னே வைத்தார்கள்.

சட்டத்தின் சாமர்த்தியம்

1993-ல் ஒரு சட்டம் வந்தது. கையால் மலம் அள்ள வைப்பது குற்றம் என்றது. இருபது ஆண்டுகள் ஓடின. 2013-ல் இன்னொரு சட்டம் வந்தது. பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஆளை இறக்கினால், முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம், 1993 முதல் இவ்விதம் இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள் என்று கட்டளையிட்டது.

இத்தனையும் இருக்க, 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் நாடாளுமன்றத்தில் என்ன சொன்னது தெரியுமா? கையால் மலம் அள்ளியதால் ஐந்தாண்டுகளில் ஒருவர்கூடச் சாகவில்லை என்றது! அப்படியானால் குழியிலிருந்து தூக்கப்பட்ட பிணங்கள் யாருடையவை? அவை, "சாக்கடையை அபாயகரமான முறையில் சுத்தம் செய்ததால்" நேர்ந்த சாவுகளாம். சட்டத்தின் விளக்கப்படி, கருவியும் தற்காப்பு உடையும் கொடுத்து இறக்கினால் அவன் மலம் அள்ளுபவன் ஆகமாட்டான். வேலை அதே வேலை. குழி அதே குழி. சாவும் அதே சாவு. கணக்குப் புத்தகத்தில் தலைப்பு மட்டும் வேறு. தலைப்பை மாற்றினால் தாலி திரும்பி வருமா என்று கேட்கிறோம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சர்க்கார் எடுத்த கணக்கில், கையால் மலம் அள்ளியவர்கள் என்று பதிவானவர்கள் 58,098 பேர். அவர்களில் 43,797 பேருக்குச் சாதி விவரம் கிடைத்தது. அதில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்கு 97 பேர்! இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? வேறு வேலைக்குத் தகுதி இல்லாததால் அவன் அங்கே போகவில்லை. பிறப்பு அவனை அங்கே பிடித்துத் தள்ளுகிறது. சாதி என்பது கோயில் வாசலில் மட்டும் நிற்பதல்ல, தோழர்களே. சாக்கடை மூடியைத் திறந்து, "இறங்கு" என்று சொல்வதும் அதுதான். பெருமை பேசும் நம் தமிழ்நாடோ, 1993-க்குப் பிந்திய சாக்கடைச் சாவுகளின் கணக்கில் இந்தியாவிலேயே முதல் இடத்தில் வைக்கப்பட்ட மாநிலம். பெரியார் பிறந்த மண் என்று மேடையில் முழங்கும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டாமா?

சாவு எப்படி வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூடிக் கிடக்கும் குழியில் மலமும் கழிவும் அழுகி, ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானது. அடியில் தங்கி நிற்கும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் தெரியும். வாயு மிகும்போது மூக்கு அந்த நாற்றத்தை உணரும் சக்தியை இழந்து விடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தில்லை என்று நினைக்கும் நேரத்தில் மனிதன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்கப் போன அடுத்தவனும் விழுகிறான். அதனால்தான் ஒரே குழியில் இரண்டு, மூன்று பிணங்கள். இதைத் "தவறி விழுந்த விபத்து" என்று எழுதுகிறார்கள். பல இடங்களில் வழக்கும் 'கவனக்குறைவு' என்ற சாதாரணப் பிரிவிலேயே பதிவாகிறது. இறக்கிய காண்டிராக்டர் ஜாமீனில் வருகிறார். மறுவாரம் வேறு ஊரில் மூடி திறக்கிறது.

காலைக் கழுவுவதும் கைது செய்வதும்

2019 பிப்ரவரியில் கும்பமேளாவில் பிரதமர் மோடி ஐந்து துப்புரவுத் தொழிலாளர்களின் காலைக் கழுவினார். நாடெங்கும் படம் வந்தது. உள்ளபடியே நாம் கேட்கிறோம்: தொழிலாளியின் கால் அழுக்காக இருக்கிறது என்று எவன் முறையிட்டான்? அவன் கேட்டது இயந்திரம். கேட்டது நிரந்தர வேலை. கேட்டது தன் பிள்ளைக்கு வேறு தொழில். கேட்டதைக் கொடுக்காமல், கேளாத பூஜையைச் செய்வது எந்த ஊர் நியாயம்? இதே மக்கள் நாடெங்கும் 125 நாள் பயணம் சென்று, 2016 ஏப்ரலில் டில்லி வந்து, "எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்றார்களே, அப்போது பேச எத்தனை பேர் எழுந்து வந்தார்கள்?

வடக்கை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பதின்மூன்று நாட்கள் அமர்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே என்பது அவர்களுடைய கோரிக்கை. பல சுற்றுப் பேச்சு நடந்தது. பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் போலீஸ் வந்து, நீதிமன்ற உத்தரவு என்று சொல்லி, அவர்களை அப்புறப்படுத்திக் கைது செய்தது. துப்புரவுத் தொழிலாளி என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினோம். மரியாதை கொடுத்தோம் என்கிறார்கள். பெயரில் கொடுத்த மரியாதையைப் பேச்சில் கொடுத்தார்களா? காண்டிராக்ட் முறை என்றால் என்ன பொருள்? வேலை நகரசபையுடையது, பொறுப்பு யாருடையதும் அல்ல என்பதே பொருள். குழியில் ஒருவன் செத்தால், மாநகராட்சி காண்டிராக்டரைக் காட்டும்; காண்டிராக்டர் துணைக் காண்டிராக்டரைக் காட்டுவார்; துணைக் காண்டிராக்டர் செத்தவனையே காட்டுவார். ஆகவே காண்டிராக்டை எதிர்க்கும் போராட்டமும், குழிச் சாவை எதிர்க்கும் போராட்டமும் ஒன்றுதான்.

நம் பங்கு என்ன?

இனி நம்மையே கேட்டுக் கொள்வோம். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் கண்டோம். போக்குவரத்துத் தொழிலாளிக்குக் கண்டோம். சாக்கடைத் தொழிலாளியின் சங்கத்துக்கு எத்தனை தோழர்கள் போயிருக்கிறோம்? அவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறோமா? நம் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் என்ன செய்கிறோம்? வண்டிக்கு வாடகை அதிகம், அந்தத் தெருவில் ஓர் ஆள் இருக்கிறான், கொஞ்சம் பணமும் பாட்டிலுக்குக் காசும் கொடுத்தால் இறங்குவான் என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரைத் தடுத்திருக்கிறோமா? சொல்பவர் நாமாகவே இருந்ததில்லையா? கசப்பாக இருக்கும், இருந்தாலும் கேட்காமல் விட முடியாது. தொழிலாளி வர்க்கம் ஒன்று என்று கொடி பிடிப்பவன், அந்த வர்க்கத்தின் கடைசி மனிதனைக் குழிக்குள் இறக்கிவிட்டுக் கொடி பிடிக்க முடியாது.

"இயந்திரம் வந்தால் அவன் வேலை போய்விடாதா?" என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. நல்லெண்ணத்தில் எழும் கேள்விதான். ஆனால் ஆலையில் வரும் இயந்திரம் வேறு, இது வேறு. அங்கே இயந்திரம் முதலாளிக்குச் சொந்தமாகித் தொழிலாளியை வெளியே தள்ளுகிறது. இங்கே இயந்திரத்தை இறங்கிய தொழிலாளிக்கே சொந்தமாக்கு என்று கேட்போம். டில்லியில் 2019-ல் குறுகிய சந்துகளிலும் நுழையக்கூடிய 200 வண்டிகளை விட்டு, இந்தத் தொழிலாளர்களையும் இறந்தவர்களின் குடும்பத்தாரையும் உரிமையாளர்களாக்கும் திட்டம் போட்டார்கள். கேரளத்து இளைஞர்கள் செய்த சாக்கடை அள்ளும் இயந்திரம் 2018 முதல் வேலை செய்கிறது. செய்ய முடியாதது அல்ல இது, செய்ய மனமில்லாததுதான். வண்டியை வாங்கி நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி ஆளையே இறக்கும் நகரசபைகள் இருக்கும்வரை, வண்டி மட்டும் போதாது. கண்காணிக்கும் சங்கமும் வேண்டும்.

ஆகையால் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு கிளையும் தன் வட்டாரத்தில் சாக்கடை வேலை செய்பவர்கள் யார் யார் என்று நேரில் போய்க் கேட்டு எழுதட்டும். இறந்தவர் குடும்பம் இருந்தால், உச்சநீதிமன்றம் சொன்ன தொகை கைக்கு வந்ததா என்று கேட்டு, வராவிட்டால் மனு எழுதிக் கலெக்டர் அலுவலகம்வரை கூடவே செல்லட்டும். ஆளை இறக்கினால், 2013 சட்டத்தின் பிரிவிலேயே வழக்குப் போடு என்று போலீஸ் நிலையத்தில் நின்று வாதாடட்டும். தன் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்குவதில்லை என்று ஒவ்வொரு தோழரும் உறுதி செய்யட்டும். இவை பெரிய புரட்சி அல்ல என்று எண்ண வேண்டாம். மேடையில் பேசும் சமூக நீதி தெருவில் நடக்கிறதா என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

சமாதானம் வேண்டும் என்கிறார்கள். நாமும் வேண்டுகிறோம். ஆனால் குழிக்குள் ஒருவன் மூச்சுத் திணறும்போது மேலே நிலவும் அமைதிக்குச் சமாதானம் என்று பெயரில்லை. யாரிடம் பேசுவது என்று கேட்டுத்தான் தொடங்கினோம். மூடியைத் திறப்பதற்கு முன்பே அவனிடம் பேசுங்கள். அவன் சொல்வதைக் கேளுங்கள். கேட்டதை ஆட்சியின் செவியில் ஏறும்வரை சொல்லுங்கள். சங்கரனும் வில்சனும் செய்தது அவ்வளவுதான். நம்மால் முடியாதா?