எந்தப் பசை வலிமையானது? கேள்வியே போதாது!

மாணவர்களே, கிராண்ட் பியானோவின் பக்கவாட்டில் வளைந்து செல்லும் மரச்சட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அது ஒரே பலகையால் ஆனதன்று. மெல்லிய மரத்தகடுகள் பலவற்றுக்குப் பசை பூசி, அடுக்கி, அச்சில் ஒன்றாக வளைத்து இறுக்குகிறார்கள். நியூயார்க்கின் ஸ்டைன்வே நிறுவனம் 1880-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றது.

இதற்கு எந்தப் பசை பொருத்தம்? “மிக வலிமையானது” என்பீர்கள். அந்தப் பதில் போதாது என்பதே என் கருத்து.

பள்ளியில் நாம் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையே எடுத்துக்கொள்வோம். நன்கு உலர்ந்த மூட்டை இழுத்தால், பசை விடுமுன் மரமே கிழியக்கூடும். ஆனால், வளைத்த தகடுகள் எப்போதும் நிமிரவே முயலும். ஓயாத அந்த விசையில் வெள்ளைப் பசை மெல்ல மெல்ல நகரும். வெப்பத்தில் இன்னும் இளகும். இதனை ‘ஊர்வு’ என்பர். நாளடைவில் வளைவு விரிந்துவிடும்.

யூரியா ஃபார்மால்டிஹைட் பசையில் மூலக்கூறுகள் வலைபோல் குறுக்கே பிணைந்து இறுகுவதால், அது எளிதில் நகராது. அதற்காக எல்லா இடத்துக்கும் அதுவே சிறந்ததா? இல்லை. பழுதுபார்க்கப் பிரிக்க வேண்டிய மூட்டுகளுக்கு, சூடும் ஈரமும் பட்டால் இளகும் விலங்குப் பசையே நல்லது.

ஆகவே, அறிவியல் செயல்திட்டத்தில் ஒரு நிமிடம் இழுத்துப் பார்த்து வெற்றிபெற்ற பசையை அறிவித்துவிடாதீர்கள். இரண்டு மெல்லிய மரத்தகடுகளை வளைத்து ஒட்டுங்கள். பசை காய்ந்ததும் பிடியைத் தளர்த்தி, வளைவின் உயரத்தை வாரந்தோறும் அளந்து எழுதுங்கள். எவ்வளவு விசை, எவ்வளவு காலம், எவ்வளவு வெப்பம், பின்னர் பிரிக்க வேண்டுமா? இவற்றைக் கேட்ட பிறகே பசையைத் தேர்ந்தெடுங்கள்.