கண்டறிந்தால் மட்டும் போதுமா?

எச்ஐவி, காசநோய், மலேரியா ஆகிய மூன்றும் உலகெங்கும் ஆண்டுதோறும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிக்கின்றன. 2023-ஆம் ஆண்டில் காசநோயால் 12.5 லட்சம் பேரும், எய்ட்ஸ் சார்ந்த நோய்களால் 6.3 லட்சம் பேரும், மலேரியாவால் ஏறத்தாழ 6 லட்சம் பேரும் இறந்ததாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன. அவ்வாண்டு உலகில் காசநோய்க்கு ஆளானவர்களில் நால்வரில் ஒருவர் இந்தியர். மூன்றையும் கண்டறியப் பரிசோதனைகள் உள்ளன, மருந்துகளும் உள்ளன. பிறகும் ஏன் இத்தனை இறப்புகள்?

இதற்கான விடையை விருதுநகர் மாவட்டம் 2018-லேயே உணர்த்தியது. சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து பெறப்பட்ட ரத்தம், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதில் எச்ஐவி கிருமி இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-லும் ரத்த தானம் செய்திருக்கிறார். அப்போதே தொற்று கண்டறியப்பட்டும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் அவர் உண்மையை அறிந்தார். உடனே மருத்துவமனைக்குத் தகவல் தந்தார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. மனமுடைந்த அந்த இளைஞர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். உரிய சிகிச்சை அளிக்கப்பட்டதால், அப்பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

ரத்த வங்கிகளில் ஒவ்வொரு அலகு ரத்தத்தையும் எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்க வேண்டும் என்பது விதி. இங்கே விதி இருந்தது, கருவியும் இருந்தது. சோதனை முடிவு உரியவரிடம் போய்ச் சேரவில்லை. ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுப்பதோடு இத்தகைய பிழை தீர்ந்துவிடாது. முடிவைத் தனிமையில், ரகசியம் காத்து, ஆலோசனையுடன் தெரிவிக்கும் ஏற்பாடு ஒவ்வொரு ரத்த வங்கியிலும் முறையாக இயங்க வேண்டும்.

காசநோயிலும் இதே இடைவெளிதான். பட்டாசுத் தொழிலில் பலரும் செய்யும் வேலையின் அளவுக்கேற்பக் கூலி பெறுபவர்கள். மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் கூலி இல்லை. ஆறு மாத சிகிச்சையை அவர்கள் இடைவிடாது தொடர்வது எளிதன்று. மத்திய அரசு மாதந்தோறும் வழங்கும் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை இழந்த கூலிக்கு ஈடாகாது. பரிசோதனையும் மருந்தும் ஆலை வாசலுக்கே வந்தாக வேண்டும். எச்ஐவி உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் காசநோயே முதலிடம் வகிப்பதால், இரண்டையும் ஒருசேரப் பரிசோதிப்பதும் அவசியம்.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு நிதியுதவியை நிறுத்திவைத்தபோது, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எச்ஐவி சிகிச்சை தடுமாறியது. இந்தியா பெருமளவு சொந்த நிதியிலேயே இத்திட்டங்களை நடத்துகிறது. ஆகவே, நிதி இல்லை என்று நாம் பிறரைக் காரணம் காட்ட இயலாது. ஆய்வகத்தில் தெரிந்த உண்மையை மனிதரிடம் கொண்டுசேர்ப்பது முழுக்க நம் பொறுப்பு. சிவகாசியில் அது தவறியதற்கு ஓர் இளைஞரின் உயிரும் ஒரு பெண்ணின் உடல்நலமும் விலையாயின.